உமது மகள் வாய்க்காலை மூடிய விவரம்

முள்ளியவளை,
30.08.2003

பெருமதிப்புக்குரிய மைத்துனர் கணபதி அவர்களுக்கு,

பரமலிங்கம் எழுதிக்கொள்வது. வற்றாப்பளை அம்மன் கிருபையால் இங்கு நானும் ஜெகதீஸ்வரியும் மாடு இரண்டும் சுகம். அங்கு நீரும் என் தங்கை விமலேஸ்வரியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சுகமில்லாவிட்டாலும் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை தயவுசெய்து பொறுத்துக்கொள்ளவும், விஷயம் அவசரமானது. உமது மகள் யதுர்ஷிகாவை உடனே வந்து வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போகவும்.

பிள்ளை மாமா வீட்டில் நின்று தொண்டராசிரியையாகப் படிப்பிக்கட்டும், உங்கள் கண்காணிப்பில் இருப்பாள் என்று பொங்கல் முடிந்த கையோடு கொண்டுவந்து விட்டவர் நீர்தான். நானும் கண்காணித்தேன். கண்காணித்ததில் எனக்கு இரத்த அழுத்தம் கூடினதுதான் மிச்சம். வந்த சூட்டோடு ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்து 'வைகறை இளைஞர் வட்டம்' என்று ஒன்றைத் தொடங்கினாள். பின்னேரத்தில் கரப்பந்து விளையாடுவார்கள், வருடத்தில் ஒருநாள் பரிசு கொடுக்க என்னைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்து, போஷகராக இருக்கச் சம்மதித்துவிட்டேன். பிறகு அவளும் வட்டத்துப் பையன் சுஜிதனும் வவுனியாவில் ஏதோவொரு நிறுவனம் நடத்திய பயிற்சிப் பட்டறைக்குப் போய்வந்தார்கள். சுஜிதன் நல்ல பிள்ளை. சொன்னதை இரண்டு மடங்காகச் செய்வான், அவனில் உள்ள குறையும் அது ஒன்றுதான். போய்வந்த நாளிலிருந்து எடுத்ததற்கெல்லாம் 'பண்பாட்டுப் பணிவு' என்று ஒரு கதை. மற்றவர் வாழ்க்கையைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைக்கக் கூடாதாம், முதலில் கேட்க வேண்டுமாம், வயது வித்தியாசமும் ஒருவகைப் பண்பாட்டு வித்தியாசம்தானாம். அறுபது வயதுக்கு மேல் நான் வேறொரு நாட்டுக்காரன் ஆகிவிட்டேன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு பின்னேரம் வட்டம் முழுவதும் என் விறாந்தையில் வந்து பாய் விரித்து இருந்தது. "மாமா, ஊருக்கு என்ன செய்யவேணும் எண்டு பெரியாக்களிட்டைக் கேட்டுத்தான் தொடங்கப்போறம். நீங்கள் கதையுங்கோ, நாங்கள் கேக்கிறம்" என்றாள். கதைத்தேன். கூட்டுறவுச் சங்கத்தில் எத்தனையோ வருடம் மனேச்சராக இருந்தவன் நான். அங்கே ஒரு வசனம் சொன்னால் நாலு பேர் எழும்பி எதிர்ப்பார்கள், அந்த எதிர்ப்பில்தான் எனக்கு அடுத்த வசனம் வரும். இதுகள் ஒன்றும் எதிர்க்கவில்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது என்று வேண்டுமென்றே குத்திப் பார்த்தேன். "ஓம் மாமா, தெரியாதுதான்" என்றாள். இதற்குமேல் ஒரு மனிதன் என்னத்தைக் கதைப்பது? ஜெகதீஸ்வரி குசினிக்குள் நின்று சிரித்த சத்தம் வேறு கேட்டது.

சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சாத நிலையில்தான் வாய்க்காலைப் பற்றிச் சொன்னேன். பட்டணத்தில் குழாயைத் திருகித் தண்ணீர் பிடிக்கிற உமக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். குளத்திலிருந்து வருகிற வாய்க்கால் எங்கள் குடியேற்றத் திட்டத்து வயல்களுக்குள்ளால் வந்து, என் வயலைத் தாண்டி, முஸ்லிம் ஆட்களின் பழைய வயல்களில் போய் முடிகிறது. மழைக்கு முன் ஒவ்வொரு வயற்காரரும் தன் வயலோரத்துத் துண்டைத் தானே வெட்டித் துப்புரவாக்க வேண்டும். அந்தத் துண்டுக்குப் பங்கு என்று பெயர். யாருக்கு எப்போது தண்ணீர் என்பதைத் தண்ணீர்க் கூட்டத்தில் பேசி முடிவெடுப்பார்கள். சண்டைக் காலத்தில் ஊரே இடம்பெயர்ந்து திரிந்ததில் வெட்டும் இல்லை, பங்கும் இல்லை, வாய்க்காலுக்குள் நாணல் ஆளுயரத்துக்கு நின்றது. அதை இந்த வருடம் வெட்டினால் கடைசி வயலுக்கும் தண்ணீர் போகும் என்றேன். பிள்ளைகள் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது.

கடைசி வயல் பாறூக்கினுடையது. முல்லைத்தீவில் புடைவைக்கடை வைத்திருந்த அதே பாறூக்தான், உமது கல்யாண வேட்டி எடுத்ததும் அங்கேதான். தொண்ணூறில் வடக்கிலிருந்த முஸ்லிம் ஆட்கள் எல்லோரையும் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். யார் சொன்னது, எப்படிச் சொன்னது என்பது உமக்கும் தெரியும் எனக்கும் தெரியும், கடிதத்தில் எழுதுகிற விஷயமில்லை. புத்தளத்து முகாமில் இவ்வளவு காலமும் இருந்துவிட்டு, சண்டை நின்று பாதை திறந்த பிறகு இந்தச் சித்திரையில்தான் மனைவி மஸீனாவோடும் மகன் ஸுஹைபோடும் திரும்பி வந்தார். மற்றக் குடும்பங்கள் அங்கேயிருந்து இவரைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. பாறூக் ஒரு போகம் விதைத்து அறுத்தால் அவர்களும் வருவார்கள். பாறூக் திரும்பிப் போனால் இனி ஒருவரும் வரமாட்டார்கள். அவரோ இருப்பதா போவதா என்று முடிவெடுக்காமல், தறப்பாள் கொட்டிலுக்குள் மூட்டைகளை அவிழ்க்காமல் வைத்திருந்தார். ஜெகதீஸ்வரி ஒரு கறிவேப்பிலைக் கன்று கொண்டுபோய்க் கொடுத்தாள். "வேணாம் அக்கா, நாங்க போயிட்டா இதுக்கு ஆரு தண்ணி ஊத்துறது?" என்று மஸீனா அதை மெல்லத் திருப்பிக் கொடுத்துவிட்டா. அன்றைக்கு ஜெகதீஸ்வரி சாப்பிடவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. அந்தக் குடும்பம் இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று எனக்குச் சரியான ஆசை, அதை உம்மிடம் ஒளிப்பானேன்.

ஆசை இருந்தபடியால்தான் ஒரு யோசனை சொன்னேன். முழு ஊரும் சிரமதானத்துக்கு இறங்குவதற்கு முன்னமே, வட்டத்துப் பிள்ளைகள் பாறூக்கின் பங்கை வெட்டி முடித்துவிட வேண்டும். பிறகு அவர்களை அழைத்து, மாலை போட்டு, கதிரையில் இருத்தி, இது ஊரின் அன்பளிப்பு என்று கொடுக்க வேண்டும். வரவேற்புரை நான். யதுர்ஷிகாவின் முகம் சுருங்கியது. "மாமா, பாறூக் ஐயாவிட்டை முதல் ஒரு வார்த்தை கேட்டிட்டு வாறனே" என்றாள். நல்லதைச் செய்வதற்கு யாராவது அனுமதி கேட்பார்களா? "கேட்டால் வேண்டாமெண்டுதான் சொல்லுவார், மானமுள்ள மனிசன். பெரியாக்களின்ரை சொல்லுக்கு மதிப்புக் குடுக்கவேணும் எண்டு உங்கடை பட்டறையிலை சொல்லித் தரேல்லையோ?" என்று ஒரு போடு போட்டேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெட்டப் போய்விட்டாள்.

இந்த இடத்தில்தான், மைத்துனர், உமது மகளின் முதலாவது பிழையை நீர் கவனிக்க வேண்டும். நான் சொன்னேன் என்பதற்காகச் செய்துவிட்டாள். நான் ஆயிரம் சொல்வேன். சொன்னதையெல்லாம் கேட்டுச் செய்கிற பிள்ளையை எந்தத் தைரியத்தில் வீட்டில் வைத்திருப்பது?

போன கிழமை விழா நடந்தது. வாழை கட்டி வளைவு வைத்தோம். "எமது விருந்தினர்களை அன்புடன் வரவேற்கிறோம்" என்று துணியில் எழுதித் தொங்கவிட்டான் சுஜிதன். வசனம் என்னுடையது, எழுத்து மட்டும் அவனுடையது. பாறூக்குக்கும் ஸுஹைபுக்கும் மாலை விழுந்தது. மஸீனாவுக்கு மாலை போடலாமோ கூடாதோ என்று தெரியாமல் ஜெகதீஸ்வரி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே நின்றாள். கடைசியில் மஸீனாவே இரக்கப்பட்டு அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டா. செவ்விளநீர் வந்தது. பிறகு என் உரை. என் உரை உமக்குத் தெரியும், அவர்கள் குடித்து முடித்த பிறகும் நடந்துகொண்டிருந்தது. அதை முடிக்க விடாமல் சுஜிதன் ஆர்வக் கோளாறில் குறுக்கே விழுந்து, "ஐயா, நீங்கள் ஒரு பிடி மண்ணும் தொடத் தேவையில்லை, உங்கடை பங்கை நாங்களே வெட்டிட்டம்" என்று சொல்லிவிட்டான்.

பாறூக் கதிரையிலிருந்து எழும்பினார். "எங்கட பங்கையா?" என்று கேட்டார். "ஓம் ஐயா, முழுக்க." கரையோரமாக நடந்துபோய், குவித்திருந்த ஈர மண்ணைக் காலால் தட்டிப் பார்த்தார். திரும்பி வந்து என்னிடம்தான் சொன்னார், மிகவும் தணிந்த குரலில்.

"மனேச்சர் ஐயா, பங்கு வெட்டாதவனுக்குத் தண்ணிக் கூட்டத்துல கதைக்க வாயில்ல. இந்த ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. எங்கட வாப்பா காய்ச்சலோட வந்து வெட்டுவார், ஆள் பிடிச்சு வெட்டமாட்டார். என்ட பங்கை இன்னொருத்தன் வெட்டினா வயலும் அவன்ட எண்டு ஆயிரும் எண்டு சொல்லுவார்."

பிறகு தலைக்கு மேலே தொங்கிய துணியை நிமிர்ந்து பார்த்தார். "விருந்தாளி எண்டு போட்டிருக்கீங்க. விருந்தாளி எண்டா ஒருநாளைக்கு எழும்பிப் போகணும்தானே, ஐயா."

இதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். கோபித்திருந்தால் சமாளித்திருப்பேன், கோபிக்கிற ஆட்களோடுதான் எனக்குப் பழக்கம். மாலையைக் கழற்றி, பூ உதிராமல் கதிரைச் சாய்வில் கொழுவிவிட்டு, "மிச்சம் சந்தோஷம், நாங்க வாறம்" என்று மூன்று பேரும் போய்விட்டார்கள். அந்த வழக்கம் எனக்குத் தெரியாததா? தெரியும். என் வயலைக் குத்தகைக்குக் கொடுத்து, வாய்க்காலைக் கூலிக்கு வெட்டுவித்து, தண்ணீர்க் கூட்டத்தில் மட்டும் தவறாமல் பேசிப் பேசி அது என் மண்டையில் நில்லாமல் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த திட்டத்தை நான் உடனே சொன்னேன். ஊர்ப் பெரியவர்கள் ஒரு தாம்பாளத்தில் பழங்களோடு போய் வருத்தம் தெரிவிப்பது, வருத்தவுரை நான். யதுர்ஷிகா முழுவதையும் தலையாட்டிக் கேட்டாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "நீங்கள் சொன்னதெல்லாம் கேட்டனான் மாமா. ஆனால் இந்த முறை நான் அப்பிடிச் செய்யமாட்டன்" என்றாள்.

"அப்ப போன முறை ஏன் செய்தனி?"

"அது பணிவில்லை மாமா, பயம். பாறூக் ஐயாவுக்கு முன்னாலை போய் நிண்டு கேக்கப் பயந்து உங்களுக்குப் பின்னாலை ஒளிச்சனான். உங்கடை பேச்சுக் கேக்கிறது எனக்கு லேசாய் இருந்தது."

என் வீட்டில் இருந்துகொண்டு, ஜெகதீஸ்வரி போட்ட புட்டைத் தின்றுகொண்டு, என் முகத்துக்கு நேரே சொல்கிறாள். அவளுக்குக் கண் கலங்கித்தான் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். ஜெகதீஸ்வரி அவளுடைய தட்டில் இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தாள்.

நேற்றுக் காலை மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நிற்கிறேன், பக்கத்து வளவுக்காரர் சைக்கிளில் வந்து படலையில் கத்துகிறார். "மனேச்சர் ஐயா, ஓடி வாங்கோ, உங்கடை மருமகள் வாய்க்காலை மூடுறா!"

ஓடினேன். உண்மைதான். வெட்டிக் கரையில் போட்ட மண்ணையெல்லாம் வட்டத்துப் பிள்ளைகள் வாளி வாளியாகத் திரும்ப உள்ளே கொட்டிக்கொண்டிருந்தார்கள். பாறூக்கின் பங்கு தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை. சுஜிதன் பிடுங்கிப் போட்ட நாணலைப் பொறுக்கி வந்து, ஒரே வரிசையாக நட்டு, காலால் மிதித்து இறுக்கி, தள்ளி நின்று ஒற்றைக் கண்ணை மூடி நேராக இருக்கிறதா என்று பார்த்தான். ஊர் முழுவதும் கரையில் நின்றது. "இதுக்கும் வவுனியாவிலை பட்டறை வைச்சவையோ?" என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். நான் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டேன். கூட்டுறவுச் சங்கத்தில் எத்தனையோ முட்டாள்தனங்களைப் பார்த்திருக்கிறேன். செய்து முடித்த வேலையை வியர்க்க வியர்க்கச் செய்யாமல் ஆக்குகிறவர்களை நேற்றுத்தான் பார்த்தேன்.

மூடி முடித்த கையோடு, தலையிலிருந்து கால்வரை சேறாக, உமது மகள் நேரே பாறூக்கின் கொட்டிலுக்குப் போனாள். ஜெகதீஸ்வரியும் கூடப் போனபடியால் நடந்தது எனக்குத் தெரியும். மன்னிப்பும் கேட்கவில்லை, பழமும் கொண்டுபோகவில்லை. "ஐயா, உங்களைக் கேக்காமல் உங்கடை பங்கிலை கை வைச்சது என்ரை பிழை. இருந்த மாதிரியே திருப்பி வைச்சிருக்கிறம். நாளைக்கு ஊர் வாய்க்கால் வெட்டு. எல்லாரும் அவையவையின்ரை பங்கை வெட்டுவினம்" என்று மட்டும் சொன்னாளாம். மஸீனா அவளுடைய சேற்றுக் காலைப் பார்த்து, கழுவத் தண்ணீர் மட்டும் எடுத்துக் கொடுத்தாவாம்.

இன்றைக்குக் காலை ஊர் வாய்க்காலில் இறங்கியது. என் பங்கை வழக்கம்போலக் கூலிக்கு வந்த ஆள் வெட்ட, நான் குடை பிடித்து மேற்பார்வை செய்தேன். பாறூக் குடும்பம் வராது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வந்தார்கள். மூன்று பேருடைய தோளிலும் சொந்த மண்வெட்டி. ஒருவர் முகத்தையும் பார்க்காமல் தங்கள் பங்கில் இறங்கி வெட்டத் தொடங்கினார்கள். சுஜிதன் உதவிக்கு ஓடப் பார்த்தான், யதுர்ஷிகா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். பாறூக் இந்த வயதிலும் நிறுத்தாமல் வெட்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும் சேறு எழும்பிக் கரையில் விழுந்த சத்தத்தைத் தவிர அந்தப் பக்கம் வேறு சத்தமே இல்லை.

பார்த்துக்கொண்டு நிற்கையில் எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. அறுபத்தேழில் படித்த வாலிபர் திட்டத்தில் காணி கிடைத்து வடமராட்சியிலிருந்து நான் இங்கே வந்து இறங்கியபோது, படித்தவன் வருகிறான் என்று ஊர் திரண்டு வரவேற்கும் என்று எண்ணினேன். ஒரு குருவியும் வரவில்லை. பாறூக்கின் வாப்பா மட்டும் வந்தார். என் வயலோரத்தில் ஒரு கம்பை ஊன்றினார், கொஞ்சத் தூரம் நடந்துபோய் இன்னொரு கம்பை ஊன்றினார். "இதுலருந்து அதுவரைக்கும் உங்கட பங்கு தம்பி, நாளைக்கு வெட்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்ன மரியாதை தெரியாத மனிதன் என்று என் அப்பாவுக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன். எனக்கு இந்த ஊர் தந்த வரவேற்பு அதுதான் என்று இன்றைக்கு, குடையோடு கரையில் நின்றபோதுதான் விளங்கியது.

விளங்கி என்ன பயன்? மதியத்துக்குள் வெட்டி முடித்தார்கள். வாய்க்காலில் கால் கழுவினார்கள். நான் தேநீரோடு ஆளை அனுப்பினேன். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு சிரிப்பும் இல்லாமல் போய்விட்டார்கள். எல்லாம் முடிந்தது. கொடுத்ததைப் பறித்து, பறித்ததைத் திருப்பிக் கொடுத்து, ஒரு குடும்பத்தை இரண்டு தரம் நோகடித்துவிட்டோம். இனி அவர்கள் மூட்டையைத் தூக்க வேண்டியதுதான் பாக்கி. ஊரில் எனக்குத் தலை காட்ட முடியாது. உமது மகளோ வந்ததிலிருந்து பேசாமல் குசினி மூலையில் இருக்கிறாள், இரவுச் சாப்பாடும் வேண்டாமாம். ஆகவே இக்கடிதம் கண்டதும் தாமதியாமல் வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவும்.

என் தங்கைக்கு என் அன்பு. உமக்கு என் ஆசிகள். உமது வீட்டு மாமரம் இந்த முறையாவது காய்க்க அம்மன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த மைத்துனன்,
க. பரமலிங்கம்
(ஓய்வுபெற்ற முகாமையாளர், வைகறை இளைஞர் வட்டத்தின் போஷகர் பதவியிலிருந்து இன்று மதியம் முதல் விலகியவர்)

பின்குறிப்பு: மேலே எழுதியது ஒன்றையும் பொருட்படுத்த வேண்டாம். பிள்ளையைக் கூட்டிப்போக வரவும் வேண்டாம். உறை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது படலையில் பெரிய சத்தம். மஸீனா. முழங்கால்வரை சேறு. "மனேச்சர்! வெளியில வாங்க!" என்று அவா போட்ட சத்தத்தில் மாடு இரண்டும் எழும்பிவிட்டன. விஷயம் இதுதான். நேற்று மண்ணைத் திரும்பப் போட்டபோது, சுஜிதன் தன் வழக்கப்படி இரண்டு மடங்காக, என் பங்குக் கரையில் கிடந்த பழைய மண்ணையும் அள்ளி அவர்களுடைய பங்குக்குள் கொட்டிவிட்டானாம். பின்னேரம் ஸுஹைப் போய்க் கோல் விட்டுப் பார்த்தால், வெட்டியதற்குக் கீழே இன்னும் மண்ணாம்.

"எங்கட பங்கைத் திருப்பித் தாறதெண்டா உங்கட மண்ணையும் சேத்தா தாறது? நாளைக்கு விடியக் காலையில வந்து உங்கட மண்ணை நீங்களே அள்ளணும், கூலிக்கு ஆள் அனுப்பினா நான் கரையில ஏற விடமாட்டன். எங்க அந்தப் புள்ள? அதுக்கு மண்வெட்டி பிடிக்கவும் தெரியல்ல, மண்ணை எங்க போடுறதெண்டும் தெரியல்ல. வந்து எனக்குப் பக்கத்துல நிண்டு பழகச் சொல்லுங்க. வாற வருஷமும் இப்படிச் செஞ்சீங்க எண்டா, தண்ணிக் கூட்டத்துல எல்லார்ட முன்னாலயும் எழும்பி நிண்டு கேப்பன், சொல்லிட்டன்!"

யதுர்ஷிகா குசினி வாசலில் நின்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். எதிர்த்துச் சொல்ல எனக்கு நல்ல நல்ல வசனங்கள் வந்தன, ஒன்றையும் சொல்லவில்லை. 'வாற வருஷம்' என்று அவா சொன்னா, கணபதி. அடுத்த பஸ்ஸில் வருகிற யாரிடமாவது ஒரு நல்ல மண்வெட்டி வாங்கிக் கொடுத்துவிடும்.